திருகோணமலையில் பேஸ்போல் வெளிக்கள வீரனைக் கண்டெடுப்பது எப்படி

மட்டையில் பந்து படும் சத்தம் கேட்டதும் பந்தைப் பார்க்காதீர்கள். வெளிக்களத்துக்கு, அதாவது மட்டைக்காரனிலிருந்து தூரத்தில் நின்று உயரப் பந்துகளைப் பிடிக்கும் இடத்துக்கு, பொடியன் தேடுகிறவர் முதலில் பழக வேண்டியது இதுதான். யாருக்கும் கண் தானாகவே பந்தின் பின்னால் ஓடும். அதை இழுத்துப் பிடித்து, தூரத்தில் நிற்கும் பொடியன்மீது வைக்க வேண்டும். உயர்ந்த பந்து ஏறி இறங்க ஏறக்குறைய 4 விநாடி எடுக்கிறது என்றால், அவன் யார் என்பது முதல் ஒரு விநாடியிலேயே தெரிந்துவிடும். பிடித்தானா விட்டானா என்பதைப் பிறகு யாரிடமும் கேட்டுக்கொள்ளலாம்.

எங்கே தேடுவது

இங்கே பேஸ்போல் அணியைத் தேடிப் போனால் நாள் வீணாகும். நமக்கு வேண்டியவன் வேறு பெயரில் ஆடிக்கொண்டிருப்பான். எல்லேயில் (பொல்லால் பந்தடித்து ஓடும் நம்மூர் ஆட்டம்) கடைசி வரிசையில் நிற்பவன், கிரிக்கெட்டில் எல்லைக்கோட்டை ஒட்டி ஓடுபவன், பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டியில் ஈட்டி எறிபவன், 100 மீற்றரில் இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ வருபவன். முதலாவதாக வருபவனை ஓட்டப் பயிற்சியாளர் ஏற்கெனவே பிடித்து வைத்திருப்பார். உதைபந்தாட்டக் கோல் காப்பாளரையும் விடாதீர்கள். பக்கத்திலிருந்து வரும் உயரப் பந்துக்குக் கோலை விட்டு வெளியே வந்து, கூட்டத்துக்கு மேலே கை நீட்டிப் பிடிப்பவனுக்குப் பந்து எங்கே இறங்கும் என்ற கணக்கு ஏற்கெனவே தெரியும்.

ஈட்டிக்காரரைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 2008இல் இந்தியாவில் நடந்த பந்தெறிப் போட்டியில் வென்ற ரிங்கு சிங், தினேஷ் படேல் இருவரும் ஈட்டி எறிபவர்கள். அந்த ஆண்டே அமெரிக்கக் கழகமான பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அவர்களை ஒப்பந்தம் செய்தது. ஆனால் எடுத்தது பந்தெறிபவர்களாக. ஈட்டிப் பழக்கம் கையைத் தரும், கண்ணைத் தராது. வெளிக்களத்தில் கண்தான் முதலில்.

மக்கெய்சர் மைதானம், ஏகாம்பரம் மைதானம், பாடசாலைத் திடல்கள், உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்துக் கடற்கரை ஆட்டங்கள், கிண்ணியா, மூதூர்க் கழகங்களின் மென்பந்துச் சுற்றுகள் என்று எல்லாவற்றையும் சுற்றலாம். ஆனால் எல்லாப் பொடியன்களையும் ஒரே இடத்தில் பார்க்கக் கிடைப்பது இல்ல விளையாட்டுப் போட்டிக்கு முந்திய இரண்டு வாரப் பயிற்சியில்தான். போட்டி நாளில் போனால் பந்தலும் பாண்ட் வாத்தியமும்தான் பார்க்கலாம்.

மைதானத்துக்குள் கால் வைக்கும் முன் அதிபரிடம் அனுமதி, உடற்கல்வி ஆசிரியருக்கு ஒரு அழைப்பு. காணொளி எடுப்பதானால் பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதம். 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையைத் தனியே கூப்பிட்டுச் சோதிப்பது கூடவே கூடாது, ஆசிரியர் பக்கத்தில் நிற்கட்டும். வெள்ளிக்கிழமை மதியம் கிண்ணியாவில் சோதனை வைக்காதீர்கள், ஞாயிறு காலை அறநெறி வகுப்போ பூசையோ இருக்கும். சனிக்கிழமை டியூஷன். மிஞ்சுவது அதிகாலைதான், நல்லவேளையாக அதுவே வெயிலுக்கும் உகந்தது.

கையில் என்ன இருக்க வேண்டும்

50 மீற்றர் அளவு நாடா, நிறுத்துக் கடிகாரம் இரண்டு, கூம்புகள் பத்து, விநாடிக்கு 240 சட்டக வேகத்தில் படம் பிடிக்கும் தொலைபேசி, அதை அசையாமல் நிறுத்த ஒரு தாங்கி, பேஸ்போல் பந்து ஒரு டசின், கறுப்பு மின்சார டேப் ஒரு சுருள். கையுறை இரண்டு வகையும் வேண்டும். வலக்கையால் எறிபவனுக்கு இடக்கையில் மாட்டும் உறை, இடக்கையால் எறிபவனுக்கு வலக்கையில் மாட்டும் உறை. இரண்டாவது இங்கே கடையில் கிடைக்காது, கொழும்பிலிருந்தே சொல்லி எடுக்க வேண்டும். இது இல்லாததால் இடக்கைப் பொடியனை "பிறகு பார்ப்போம்" என்று ஒதுக்குவது வழமை. பேஸ்போலில் இடக்கை எறிகாரனுக்குத் திறந்திருக்கும் இடங்கள் சில மட்டுமே: பந்தெறிதல், முதல் பேஸ் (ஓட்டக்காரன் தொட்டுப் போகும் நிலைகளில் முதலாவது), வெளிக்களத்தின் மூன்று இடங்கள். அவனை ஒதுக்குகிறவர் தேடி வந்த ஆளையே ஒதுக்குகிறார்.

பேஸ்போல் பந்து போதவில்லையா? எறிதலைப் பார்க்கக் கிரிக்கெட் கடினப் பந்து போதும். பேஸ்போல் 142 முதல் 149 கிராம், கிரிக்கெட் பந்து 156 முதல் 163 கிராம், சுற்றளவும் கிட்டத்தட்ட ஒன்றே. ஆனால் டெனிஸ் பந்தை வைத்துக் கையை மதிப்பிடாதீர்கள். 60 கிராமுக்கும் குறைந்த பந்து அது. முழங்கையைச் சொடுக்கினாலே பறக்கும், 30 மீற்றர் தாண்டியதும் காற்றில் செத்துவிடும். எல்லேயில் "அவன்ட எறி குண்டு மாதிரி" என்று பெயரெடுத்த பாதிப் பேர் கனமான பந்தில் சாதாரணமாகத் தெரிவது இதனால்தான்.

காற்று

திருகோணமலையில் இதைக் கணக்கில் எடுக்காமல் எழுதும் எந்த எண்ணும் பொய். மே முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி அடிக்கும். முற்பகலில் ஏறத் தொடங்கி மதியத்தில் உச்சத்துக்குப் போகும். மாரியில் வாடை வந்து மழையோடு மைதானத்தைச் சேறாக்கிவிடும். மாசி முதல் சித்திரை வரை காற்று ஓரளவு அடங்கிய காலம்.

ஆகவே வேலையை இரண்டாகப் பிரியுங்கள். ஓட்டம், எறி வேகம் போன்ற அளவைகளைக் காலை 6.30க்கும் 8.30க்கும் இடையில் எடுங்கள். ஓட்டத்தை ஒரே பாதையில் இரு திசையிலும் ஓட்டிச் சராசரி எழுதுங்கள். உயரப் பந்துச் சோதனையை மாறாகக் காற்று ஏறிய பிறகு வையுங்கள். அமைதியான காலையில் பத்துப் பந்தையும் பிடிப்பவர்கள் ஐந்து பேர் இருப்பார்கள். கச்சான் ஏறிய பத்து மணிக்கு யார் பந்து இறங்க வேண்டிய இடத்துக்கு இரண்டு எட்டுத் தள்ளிப்போய் நிற்கிறான் என்பதில் ஒருவன்தான் மிஞ்சுவான். கரைவலைக் குடும்பத்துப் பிள்ளைகளில் சிலர் பந்து கிளம்பும் முன்பே அண்ணாந்து தென்னங்கீற்றைப் பார்ப்பார்கள். யாரும் சொல்லிக் கொடுக்காத பழக்கம் அது. குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஓட்டம்

அமெரிக்கத் தேர்வாளர்கள் வெளிக்களக்காரனை 60 யார் ஓடவிடுவார்கள், அதாவது 54.86 மீற்றர். கடிகாரத்தை விசிலுக்கு அல்ல, பொடியனின் முதல் அசைவுக்கு அழுத்த வேண்டும். 6.7, 6.8 விநாடி என்பது தொழில்முறைக் கண்ணுக்கு நடுத்தரம். 6.5க்குக் கீழே வந்தால் நல்ல வேகம். 7.0க்கு மேலே போனால் சென்டர் ஃபீல்ட், அதாவது வெளிக்களத்தின் நடு இடம், கஷ்டம்.

இந்த எண்களை அப்படியே இங்கே ஒட்டாதீர்கள். அவை வெட்டிய புல்லில் ஸ்பைக் போட்டு ஓடியவை. நம் திடல்களில் பாதி மணல், ஓடுகிறவர்களில் பாதிப் பேர் வெறுங்கால். அதே நாள், அதே தடத்தில் ஓடிய மற்றப் பொடியன்களோடு ஒப்பிட்டு, அந்த ஒப்பீட்டையும் சேர்த்து எழுதுங்கள். "7.1, மணல், வெறுங்கால், 14 பேரில் முதலாவது" என்ற வரி "6.8" என்று சும்மா எழுதுவதைவிட ஆயிரம் மடங்கு பெறுமதி.

இதோடு 20 மீற்றர் ஓட்டத்தையும் மூன்று முறை எடுத்து, சிறந்ததைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த சோதனைக்கு அந்த எண் வேண்டும்.

முதல் அடி

எல்லாவற்றிலும் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இது. பயிற்சிக்குப் பந்து உயர்த்தி அடிக்கும் மெல்லிய ஃபங்கோ மட்டை இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் பந்தை மேலே போட்டுச் சாதாரண மட்டையால் உயர்த்தி அடிக்கத் தெரிந்த ஒருவர் போதும். பொடியனை 60 மீற்றர் தள்ளி நிறுத்துங்கள். அவனுக்குத் திசை தெரியாதபடி கலந்து 20 பந்து: 5 முன்னால் விழுபவை, 5 இடத் தோளுக்கு மேலே, 5 வலத் தோளுக்கு மேலே, 5 தலைக்கு நேர் மேலே.

நேராக வரும் பந்துதான் கடினம். பக்கத்துக்குப் போகும் பந்தின் வளைவு தெரியும், முகத்துக்கு நேரே வருவதன் தூரம் தெரியாது. அனுபவமில்லாத பொடியன் அதற்கு முன்னால் ஒரு அடி எடுத்து வைத்து, பிறகு தலையில் கை வைப்பான். அந்த முன்னடியே பந்தை விட்டுவிடும். சரியாகச் செய்பவன் சத்தத்தோடு ஒரு காலை மட்டும் பின்னுக்குத் திறப்பான். வலப் பக்கம் போவதானால் வலக்கால் பின்னே போகும், இடுப்பு திரும்பும், தோள் தொடரும், கண் மட்டும் பந்தைவிட்டு நகராது. திரும்பிய பிறகு பின்னங்காலில் பின்னோக்கி நடப்பவனும் இருப்பான். அது தேறாத பழக்கமல்ல, ஒரு வாரத்தில் மாற்றலாம். முன்னடி எடுப்பதும் மாறும். சத்தத்துக்குப் பிறகு அரை விநாடி சும்மா நின்று யோசிப்பவன்தான் கஷ்டம். அதை மாற்றியவர்கள் குறைவு.

காலையும் கண்ணையும் தனித்தனியே அளக்க ஒரு வழி இருக்கிறது. பொடியன் நிற்கும் இடத்திலிருந்து பக்கவாட்டில் 20 மீற்றரில் ஒரு கூம்பு வையுங்கள். அந்தப் பக்கமாக உயர்த்தி அடித்த பந்தில், மட்டையில் பட்ட கணத்திலிருந்து அவன் கூம்பைத் தாண்டும் கணம்வரை காணொளியில் நேரம் எடுங்கள். அதிலிருந்து காலையில் எடுத்த அவனுடைய 20 மீற்றர் நேரத்தைக் கழியுங்கள். ஓட்டம் 3.1, கூம்புக்கு 3.5 என்றால் மிச்சம் 0.4 விநாடி, அதுதான் அவன் பந்தைப் படித்த நேரம். அரை விநாடிக்குள் இருந்தால் நல்ல கண். முக்கால் விநாடியைத் தாண்டினால், எவ்வளவு வேகமாக ஓடினாலும் பின்னால் இருந்து துரத்துகிறவன்தான். மெதுவாக ஓடும் ஒரு பொடியன் 0.3 எடுத்து, வேகக்காரனைவிட முன்னே போய் நிற்பதை இந்தக் கணக்கு வெளிச்சமாகக் காட்டும். பொடியன் முழு வேகத்தில் ஓட வேண்டிய பந்துகளில் மட்டும் இதைச் செய்யுங்கள். சோம்பலாக ஓடிப் பிடிக்கக்கூடிய பந்தில் எண் பொய் சொல்லும்.

கிரிக்கெட் பழக்கம் சிலவற்றைக் குறையாக எண்ண வேண்டாம். இரு கையும் சேர்த்து நெஞ்சுக்கு முன் கிண்ணம் பிடிப்பது, தரையில் வரும் பந்துக்கு ஒரு முழங்காலை மண்டியிட்டு அணை கட்டுவது போன்றவை இரண்டு வாரத்தில் போகும். பேஸ்போலில் பந்தை நெற்றிக்கு மேலே, எறியும் தோள் பக்கமாகப் பிடித்தால்தான் எறிக்கு நேரம் மிஞ்சும். முதல் நாளே கையுறை மாட்டி அதைக் கேட்காதீர்கள். வெறுங்கையில் பிடித்து வளர்ந்தவன் கையுறைக்குள்ளும் அடுத்த கையைக் கொண்டுபோய் விரலை முறித்துக்கொள்வான். முதல் அரை மணி நேரம் சும்மா பந்து பரிமாறட்டும்.

பக்கத்தில் இன்னொருவனையும் நிறுத்தி, இருவருக்கும் நடுவே சில பந்து அடியுங்கள். "விடு, விடு, எனக்கு!" என்று வயிற்றிலிருந்து குரல் வருகிறதா, அல்லது இருவரும் பார்த்துக்கொண்டு நிற்கப் பந்து நடுவில் விழுகிறதா? சென்டர் ஃபீல்ட்காரன் மற்ற இருவருக்கும் கட்டளை சொல்கிறவன். குரலில்லாதவனை அங்கே நிறுத்த முடியாது. தேசிய முகாமுக்குப் போனால் பக்கத்தில் நிற்பவன் "மகே" (என்னுடையது) என்று சிங்களத்தில் கூவுவான் என்பதையும் இப்போதே சொல்லி வையுங்கள். மோதி விழுவது பெரும்பாலும் அங்கேதான் நடக்கிறது.

கை

முதல் விதி: குளிர்ந்த கையால் எறியவிடாதீர்கள். 15 நிமிடம் ஓடி, சுழற்றி, 15 மீற்றரில் தொடங்கி மெல்லத் தூரம் கூட்டி, பிறகுதான் முழுப் பலம். முழுப் பலத்தில் 8 எறிக்கு மேல் வேண்டாம். முந்திய நாள் வேகப்பந்து வீசினவனா என்று கேளுங்கள். வீசியிருந்தால் அன்று அவன் கையைச் சோதிக்காதீர்கள். வெளியூரிலிருந்து ஒருவர் பார்க்க வந்திருக்கிறார் என்றால் வலியைச் சொல்லாமல் எறிவார்கள். தோளைத் தடவிக்கொள்கிறானா, முழங்கையை உதறுகிறானா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

வேகத்துக்கு ரேடார் துப்பாக்கி இல்லாவிட்டால் தொலைபேசி போதும். எறிகிறவனின் முன்கால் ஊன்றும் இடத்திலிருந்து 20 மீற்றர் தள்ளி ஒரு வலை அல்லது படங்கு கட்டுங்கள். இரண்டு முனையும் தெரியும்படி பக்கவாட்டில் தொலைபேசியை நிறுத்தி 240 சட்டகத்தில் எடுங்கள். சிறு துள்ளலோடு ஓடிவந்து மட்டமாக எறியட்டும். பந்து விரலை விட்ட சட்டகத்திலிருந்து படங்கில் பட்ட சட்டகம்வரை எண்ணுங்கள். 140 சட்டகம் என்றால் 0.583 விநாடி, விநாடிக்கு 34.3 மீற்றர், மணிக்கு 123 கிலோமீற்றர். 130 என்றால் 133. இது வழி முழுவதுக்குமான சராசரி. கையை விடும்போது வேகம் இதைவிடச் சற்றுக் கூட இருக்கும். சில தொலைபேசிகள் 240 என்று சொல்லிவிட்டு இடைச் சட்டகங்களைத் தாமே வரைந்து நிரப்புகின்றன. ஓடும் நிறுத்துக் கடிகாரம் ஒன்றைப் படம் பிடித்து, ஒரு விநாடிக்குள் எத்தனை வேறுவேறு சட்டகம் வருகிறது என்று வீட்டிலேயே சரிபார்த்துக்கொண்டு வாருங்கள்.

அமெரிக்க உயர்நிலைப் பாடசாலை முகாம்களில் வெளிக்களத்திலிருந்து மணிக்கு 90 மைல், அதாவது 145 கிலோமீற்றர் எறிபவனை எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். 80 மைல், 129 கிலோமீற்றர், தேறும். பயிற்சியே இல்லாத 16 வயதுக் கையில் 120 வந்தால் தொடர்ந்து பாருங்கள்.

வேகம் பாதிதான். பந்தைச் சுற்றி ஒரு வரி கறுப்பு டேப் ஒட்டி, எறிகிறவனுக்குப் பின்னால் நின்று பாருங்கள். வரி ஒரே கோடாக நின்று பின்சுழன்றால் எறி நேரே போகும். வரி தள்ளாடிச் சாய்ந்து மங்கினால் பந்து கடைசி 10 மீற்றரில் பக்கத்துக்கு ஓடும். விக்கெட்டை நோக்கித் தாழ்வாகப் பக்கவாட்டில் கையைச் சுழற்றிப் பழகிய கிரிக்கெட் பொடியன்களுக்கு இது அநேகமாக இருக்கும். நாலு தையலுக்குக் குறுக்கே விரல் வைக்கச் சொல்லி, கையைச் சற்று மேலே தூக்கச் சொல்லி, இன்னும் மூன்று எறி பாருங்கள். சொன்னதும் ஒரு சிறு மாற்றமாவது வந்தால் அவன் கற்கிறவன். எல்லேயில் ஓடுகிறவனை நோக்கி எறிந்து பழகியவனுக்குக் கை சுருக்கமாக, பந்து சீக்கிரம் கிளம்பும். அது நல்ல சொத்து. நீண்ட எறியில் அதே கை முழுதாக நீளுமா என்பதுதான் கேள்வி.

கடைசியாக 60 மீற்றரிலிருந்து ஒரு ஹோம் குறிக்கு, அதாவது ஓட்டக்காரன் கடைசியில் வந்து சேரும் இடத்துக்கு, 5 எறி. பந்து குறிக்கு 6 முதல் 8 மீற்றர் முன்னே ஒருமுறை குத்தி, இடுப்பளவில் வந்தால் போதும். வானத்துக்கு எறிந்து நேரே சேர்த்தவனுக்குக் கைதட்டுவார்கள், ஓட்டக்காரன் அதற்குள் வீட்டுக்குப் போயிருப்பான்.

மட்டை

இங்கே குறைவாகவே சொல்ல முடியும். ஏனென்றால் பேஸ்போல் எறியை எதிர்கொண்டிராத பொடியனின் அடியைப் பார்த்துத் தீர்ப்பு எழுதுவது அவசரம். சிறிய திடலில் மதில் தாண்டிய அடியையோ, கச்சான் தூக்கிக்கொண்டு போன அடியையோ எழுதி வைக்காதீர்கள்.

12 மீற்றரிலிருந்து மேற்கையால் மிதமாக எறிந்து, எட்டு எட்டாக மூன்று சுற்று. முதல் சுற்றை மறந்துவிடுங்கள், கிரிக்கெட்டுக்காரன் பந்து குத்தும் என்று காத்திருப்பான். இரண்டாம் மூன்றாம் சுற்றில் இடுப்பு கைக்கு முன்னே திரும்புகிறதா, தலை ஆடாமல் இருக்கிறதா, நல்ல பந்தில் எத்தனை முறை காற்றை வெட்டுகிறான் என்று எண்ணுங்கள். தவறும் எண்ணிக்கை சுற்றுக்குச் சுற்றுக் குறைவதுதான் முக்கியம். எல்லேப் பொல்லு பிடித்து வளர்ந்தவனுக்குக் கிடையாகச் சுழற்றும் பழக்கம் உண்டு. நேர் மட்டை பழகிய கிரிக்கெட்டுக்காரனைவிட அவன் ஒரு மாதம் முன்னே நிற்பான்.

கண்ணைப் பார்க்க இன்னொன்று: டெனிஸ் பந்துகளில் 1, 2, 3 என்று பெரிதாக எழுதி, மட்டையில்லாமல் நின்று வரும் பந்தின் எண்ணைச் சொல்லச் சொல்லுங்கள். எறிபவர் வேண்டுமென்றே மெதுவாகச் சுழற்றாமல் எறியட்டும். பத்தில் ஆறு சரியாகச் சொன்னால் பந்தைக் கையிலிருந்தே பின்தொடர்கிறான்.

உடம்பு, வயது

பிறப்புச் சான்றிதழில் திகதியைப் பாருங்கள். தரம் 11 என்பது வயதல்ல. ஒரே வகுப்பில் 15 வயது 10 மாதப் பொடியனும் 17ஐத் தொட்டவனும் இருப்பார்கள். இளையவன் சற்றுப் பின்தங்கினாலும் பெரும்பாலும் அவன்தான் நமக்கு வேண்டியவன். மணிக்கட்டு, கணுக்கால், பாதத்தின் அளவு, தோள் அகலம், தகப்பன், தாய், மூத்த அண்ணன் உயரம் எல்லாம் எழுதுங்கள். ஆறு மாதத்தில் 5 சென்ரிமீற்றர் வளர்ந்தவன் தற்காலிகமாகக் காலில் கால் தடுக்கி ஓடுவான். அதைக் குறையாக எழுதாமல், நான்கு மாதம் கழித்து மறுபடி பார்க்கக் குறிப்பு வையுங்கள்.

எந்த இடத்துக்கு என்பதில் ஒரு விதி உதவும். பொடியனை முதலில் சென்டர் ஃபீல்டாக நினைத்துப் பாருங்கள். வேகமும் கண்ணும் உள்ளவன் பின்னாளில் பக்கத்துக்கு நகரலாம், பக்கத்திலிருப்பவன் நடுவுக்கு வருவது அரிது. கை பலமாக இருந்து ஓட்டம் குறைந்தால் ரைட் ஃபீல்ட், ஏனென்றால் மூன்றாம் பேஸுக்கான நீண்ட எறி அங்கிருந்துதான். 17 வயதிலேயே லெஃப்ட் ஃபீல்டுக்கு மட்டுமே பொருந்துகிறவன் என்றால் அவன் மட்டை மிக நன்றாக இருக்க வேண்டும்.

உடம்பைப் பார்த்து மயங்குவது பெரிய கழகங்களுக்கும் நடப்பது. கழகங்கள் முறைவைத்து இளம் ஆட்டக்காரரை எடுக்கும் அமெரிக்கத் தேர்வில், 2009இல் உயர்நிலைப் பாடசாலை வெளிக்களக்காரன் டொனவன் டேட் மூன்றாவதாக எடுக்கப்பட்டார். அமெரிக்கத் தொழில்முறைப் பேஸ்போலின் உச்சமான மேஜர் லீக்கில் ஒரு ஆட்டமும் ஆடவில்லை. அதே சுற்றில் நியூ ஜேர்சியின் மில்வில் பாடசாலைப் பொடியன் ஒருவரை லொஸ் ஏஞ்சலஸ் ஏஞ்சல்ஸ் 25ஆவதாக எடுத்தது. அதற்கு முந்திய 24ஆவது தேர்வும் அவர்களுடையதே, ராண்டல் கிரிச்சக் என்ற இன்னொரு பாடசாலை வெளிக்களக்காரர். 25ஆவது, பின்னாளில் மேஜர் லீக்கின் தலைசிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவரான மைக் ட்ரவுட். நியூ ஜேர்சியில் குளிரால் ஆட்டங்கள் பிந்தித்தான் தொடங்கும், அதிகம் பேர் அவரை அதிகம் பார்க்கவில்லை. திருகோணமலைப் பொடியனுக்கும் இதே நிலைதான்: அவனை எண்ணிப் பார்த்த கண்கள் குறைவு.

அறிக்கை

அமெரிக்க முறையில் மதிப்பெண் 20இலிருந்து 80 வரை, 50 என்பது மேஜர் லீக் சராசரி. அடி, பலம், ஓட்டம், கை, களத்தடுப்பு என்று ஐந்தையும் இன்றைய நிலை, வளரக்கூடிய நிலை என்று இரண்டிரண்டாக எழுதுவார்கள். நம் பொடியனுக்கு அடியில் இன்று 20 என்று எழுதக் கை கூசும். எழுதுங்கள். ஓட்டத்தில் 50 கொடுப்பதற்கு மணல், காற்று, சப்பாத்து எல்லாம் குறித்திருக்க வேண்டும். ஒரு நல்ல குறிப்பு இப்படி இருக்கும்:

"16 வயது 3 மாதம், வலக்கை எறி, இடக்கை அடி. உயரம் 174, மணிக்கட்டு தடிப்பு, அண்ணன் 182. 60 யார் 7.0, மணல், வெறுங்கால், 11 பேரில் முதலாவது. தலைக்கு மேல் வந்த 5இல் 2இல் முன்னடி எடுத்தான், பக்கத்துப் பந்துகளில் 0.4. கை 121, பந்து வலம் ஓடியது, சொன்னபின் குறைந்தது. 24 பந்தில் 9 தவறல், கடைசிச் சுற்றில் 2. பிடி விட்டதும் ஓடிப்போய் எடுத்தெறிந்தான். செப்டெம்பரில் கச்சானில் மறுபடி பார்க்க."

ஒரே நாளில் தீர்ப்பெழுத வேண்டாம். இரண்டாவது முறை எதிரணி பலமான நாளில் பாருங்கள், மூன்றாவது முறை அவன் சரியாக ஆடாத நாளில். பந்து தன் பக்கம் வராதபோதும் பேஸின் பின்னே உதவிக்கு ஓடுகிறானா என்பது அன்றைக்குத்தான் தெரியும்.

வீட்டில் பேசுவது

காலணியைக் கழற்றிவிட்டு, தேத்தண்ணி கொடுத்தால் குடித்து, முதலில் படிப்பைப் பற்றிக் கேளுங்கள். சாதாரண தரமோ உயர் தரமோ எழுதும் ஆண்டில் பயிற்சி கேட்டு வருகிறவரை எந்தத் தாயும் வாசலோடு அனுப்பத்தான் பார்ப்பார். பரீட்சைக்கு மூன்று மாதம் முன்பே நிறுத்துவோம் என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை கூடச் சேர்த்துச் சொல்லாதீர்கள். அமெரிக்கத் தேர்வு என்பது அமெரிக்கா, கனடா, புவேர்ட்டோ ரிக்கோ பொடியன்களுக்கானது. இலங்கைப் பொடியன் வெளிநாட்டு ஆட்டக்காரனாக நேரடி ஒப்பந்தம்தான் செய்ய முடியும், அதுவும் 16 வயதிலிருந்து. அந்தக் கதவு எவ்வளவு சிறியது என்பதைத் தகப்பனிடம் நேரடியாகச் சொல்லுங்கள். அருகில் இருக்கும் பாதை தேசிய அணி. ஹோமாகமைக்கு அருகே தியகமவில் ஜப்பானின் உதவியோடு கட்டிய பேஸ்போல் மைதானம் இருக்கிறது, முகாமுக்கு அங்கேதான் போக வேண்டியிருக்கும். முப்படைகளும் தேசியப் போட்டிகளில் அணி வைத்திருக்கின்றன. படை அணி என்றதும் சில வீடுகளில் பேச்சு நின்றுவிடும். அங்கே வாதாடாதீர்கள், வேறு வழி இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு வாருங்கள்.

கொழும்புக்குப் போக்குவரத்து, தங்குமிடம், கையுறை, காலணி என்று ஒரு முகாமுக்கு என்ன செலவாகும் என்பதைத் தாளில் எழுதிக் கொண்டு போங்கள். யார் கொடுப்பார் என்பதையும் எழுதுங்கள். அந்த இரண்டாவது வரி வெறுமையாக இருந்தால், அதை நிரப்பும்வரை அந்த வீட்டுக்குப் போக வேண்டாம்.